சக்கர நாற்காலியில்தான் போவேன்

நெரெய்தா கந்தூ ஓட்டிய பள்ளிப் பேருந்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தது. பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: தலைமையாசிரியர். "மிஸ், தலைமையாசிரியரைக் கூப்பிடட்டுமா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால், கண்ணாடியில் தெரியும் அவள் முகம் வெளுத்துவிட்டது என்று பொருள். வண்டியை ஓரங்கட்டுவாள். விளக்கைப் போடுவாள். வாளியை எடுத்து வயிற்றில் கிடந்ததையெல்லாம் கொட்டுவாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "எவன்டா எந்திரிச்சது? உக்காரு!" என்று ஓர் அதட்டல். வண்டி கிளம்பிவிடும்.

எல்லை ஆற்றின் டெக்சாஸ் கரையில் இருக்கும் எங்கள் சான் லாசரோவில் அந்த வருஷம் இதுதான் பேச்சு. மசக்கை மூன்று மாதத்தில் போய்விடும் என்றார்கள், போகவில்லை. ஐந்தில் போகும் என்றார்கள், அதுவும் இல்லை. டீசல் வாடை, எவர் வீட்டிலோ சோள ரொட்டி சுடும் வாடை, பிள்ளைகளின் ஷூ வாடை, எது பட்டாலும் தலைமையாசிரியர்தான். உப்பு பிஸ்கட்டும், உப்புத் தடவிய எலுமிச்சையும், ஐஸ் துண்டும் தின்றே உயிரைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

இதை ஒரே நொடியில் நிறுத்த ஒரு வழி உண்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வம்பு.

முதல் பிள்ளை நேதோ வயிற்றில் இருந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. வெங்காய வாடைக்கு நடுவே மசக்கைக்காரி நிற்பதென்றால் கேட்க வேண்டுமா? இரண்டு மேசை தள்ளி நின்ற ஒருத்தி அவளைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போய், சுருட்டிய கஞ்சாவைக் கையில் கொடுத்தாள். "செடிதானேடி இது. சாமி முளைக்க வச்சது. ஃபார்மசில குடுக்குற மாத்திரையவிட இது மேல்." இரண்டு இழுப்பு. மாயம் போல வயிறு அடங்கியது. அன்று ஒரு தட்டு நிறைய மொச்சையும் சோறும் தின்றாள். அதன் பிறகு பிள்ளை பிறக்கும்வரை அவள் அதை விடவில்லை. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நேதோ சின்னதாகப் பிறந்தான். கையில் வாங்கியபோது, துணியைத்தான் வாங்கினோமோ என்று இருந்ததாம் அவன் அப்பா ஓமெரோவுக்கு. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் சிறுநீரைச் சோதித்தார்கள், கஞ்சா இருந்தது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளை யாரென்றே தெரியாத வேறொரு வீட்டுக்குப் போனான், மெக்காலன் பக்கம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிரசவித்தவளை வீட்டுக்கு அனுப்பும் அன்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் கொடுத்து, முன்வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார்கள். அவள் மராத்தான் ஓடுகிறவளாக இருந்தாலும் நாற்காலிதான். வாசலில் நிற்கிற எல்லோரும் எட்டிப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்பார்கள். நெரெய்தாவுக்கு அன்று நாற்காலி வரவில்லை. மடியில் வைக்க ஒன்றும் இல்லையே. "நீங்க நடந்தே போகலாம்," என்றாள் அங்கிருந்த ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் அல்ல. நெரெய்தா நடந்தே போனாள். கட்டிலில் கட்டியிருந்த 'ஆண் குழந்தை' என்று எழுதிய பலூனை அவிழ்க்க மறந்து, மறுபடி திரும்பி வந்து, அதையும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பிள்ளையை மீட்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சொன்ன வகுப்புக்கெல்லாம் போனாள். கேட்ட கோப்பையிலெல்லாம் சிறுநீர் கொடுத்தாள். வாரத்துக்கு ஒருமுறை பொம்மைகள் நிறைந்த ஓர் அறையில், ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, தன் பிள்ளையைத் தானே விருந்தாளி போலத் தூக்கினாள். அவன் திரும்பி வந்தபோது தவழத் தொடங்கியிருந்தான். முதன்முதலாகத் தவழ்ந்தது வேறொருத்தி வீட்டுத் தரையில். நெரெய்தா தூக்கியபோது அந்த ஒருத்தியைத் தேடி அழுதான். அந்த அழுகையை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

புகையினால்தான் நேதோ சின்னவனாகப் பிறந்தானா? அப்போதிருந்த டாக்டர், "இருக்கலாம். எடை குறையும்னு சொல்றாங்க, அதனாலதான் வேண்டாங்கறோம். ஆனா உங்க பையன் விஷயத்துல இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது," என்றார். அடித்துச் சொல்லியிருந்தால்கூட ஒருநாள் அழுது முடித்திருப்பாள். இப்போது ஒன்றாம் வகுப்பில் வாயாடும் அவன் ஓர் எழுத்தில் தடுக்கினாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று தடுக்கும். மற்றப் பிள்ளைகளும்தான் தடுக்குகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அவள் அம்மா இல்லையே.

அதனால்தான் பேருந்து வேலைக்கு வந்தபோது, ஓட்டுநர்களை நினைத்த நேரத்தில் கூப்பிட்டுச் சிறுநீர் சோதிப்பார்கள் என்று கேட்டு அவள் சந்தோஷப்பட்டாள். மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுத்துக்கொண்டு போகிற இடத்துக்கு இவள் கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போவாள். ஒவ்வொரு முறையும் சுத்தம். ஓமெரோ கேலி செய்வான்: "உன் மூத்திரத்துக்கு இந்த மாவட்டத்துல இருக்குற மரியாதைல கால்வாசிகூட எனக்கு வீட்டுல இல்ல." கம்பிவேலி வெல்டிங் வைக்கிறவன், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன். இவளிடம் மட்டும் வாய் நீளும்.

இரண்டாவது பிள்ளை தங்கியதும் நெரெய்தா ஓமெரோவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இந்தத் தடவ நான் நாற்காலியிலதான் வெளிய வருவேன்." மசக்கை வந்தது, வாளி வந்தது. அன்று கஞ்சா கொடுத்த கொட்டகைக்காரி கடைத்தெருவில் பார்த்து, "இன்னும் கஷ்டப்படறியா? சொன்னா கொண்டாந்து தரேனே," என்றாள். நெரெய்தா அவளைத் திட்டக்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் செருப்பு மேலேயே வாந்தி எடுத்திருப்பாள்.

வலி வந்தது ஒரு காலைப்பொழுதில், கடைசிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட கையோடு. பேருந்தை ஒழுங்காக நிறுத்துமிடத்தில் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்பே பெரியம்மா சோலே வந்து உட்கார்ந்திருந்தாள். எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா இறந்த பிறகு நெரெய்தாவின் எல்லாக் காரியத்துக்கும் இந்தப் பெரியம்மாதான். முலாம்பழத் தோட்டத்தில் குனிந்தே எழுபதை எட்டியவள். கையில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு கைப்பை. அதற்குள் ஜெபமாலை, சோள இலையில் சுற்றி அவித்த மாவுருண்டை, மாற்றுச் சட்டை, தைலம்.

அந்தத் தைலம் இல்லாத பெரிசுகளே எங்கள் ஊரில் கிடையாது. காலிக் காப்பித்தூள் பாட்டிலில் ஸ்பிரிட்டை ஊற்றி, இலைதழை, கற்பூரம், அவகாடோ கொட்டை எல்லாம் போட்டு அலமாரி இருட்டில் ஊறவைப்பார்கள். முட்டி, இடுப்பு, சுளுக்கு எதுவானாலும் அதுதான். பங்குச் சாமியார் முட்டி போட்டு எழுந்திருப்பதே அதன் புண்ணியத்தில்தான் என்பார்கள்.

மத்தியானத்துக்குமேல் பெண் பிறந்தாள். கொழுக்மொழுக்கென்று, கைக்கு நல்ல கனமாக. ஓமெரோ வாங்கியதும் அழுதுவிட்டான். அம்பாரோ என்று பெயர் வைத்தார்கள்.

நர்ஸ் ஒராலியா தயங்கித் தயங்கி வந்தாள். சான் லாசரோக்காரிதான், இரண்டு தெரு தள்ளி வீடு. "முன்னாடி நடந்தது கம்ப்யூட்டர்ல இருக்கு, கண்ணு. குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கணும்ங்கறது விதி. சின்னதா ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டுவேன், அதுல ஒண்ணுக்குப் போனா எடுத்துக்குவேன். தப்பா நினைச்சுக்காத."

"நல்லா ஒட்டுங்க," என்றாள் நெரெய்தா. "ரெண்டு பைகூட ஒட்டுங்க." அவ்வளவு பெருமை அவளுக்கு.

சாயங்காலம் பெரியம்மா அவள் காலிரண்டையும் மடியில் போட்டுத் தைலம் தேய்த்தாள். பாடுபட்ட கால் அந்தக் கையில் இளகியது. நெரெய்தா அப்படியே கண்ணயர்ந்தாள். குழந்தை சிணுங்கியதும், பெரியம்மா எழுந்து துணி மாற்றியதும், ஏதோ பாடித் தூங்கவைத்ததும் அவளுக்கு அரைகுறையாகக் கேட்டது.

மறுநாள் காலை இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் குழந்தை டாக்டர். மினசோட்டா பக்கத்திலிருந்து எங்கள் வெயிலுக்கு வந்து சிவந்துபோன மனிதர். இன்னொருத்தி குழந்தைகள் நல அலுவலகத்து மிஸ் திரெவீனியோ. அவளும் ஆற்றங்கரைப் பெண்தான், ஆனால் இஸ்திரி போட்ட சட்டையும் இஸ்திரி போட்ட முகமுமாக வந்திருந்தாள்.

"குழந்தையோட சிறுநீர்ல கஞ்சா இருக்குன்னு வந்திருக்கு," என்றாள்.

நெரெய்தா சிரித்தாள். வேறு யாருக்கோ உள்ள செய்தியைக் கதவு மாறிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அவர்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் தொடல. மிஸ், நான் பஸ் ஓட்டுறவ. வாளியில வாந்தி எடுத்துக்கிட்டே ஓட்டினவ. ஊரையே கேளுங்க. என்னைச் சோதிங்க. இப்பவே கோப்பையைக் கொண்டாங்க!"

கொண்டுவந்தார்கள், கொடுத்தாள். அவளுடையது சுத்தம் என்று வந்தது. வந்ததும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் விடவில்லை. "இன்னிக்கு இல்லேங்கறதால முன்னாடியும் இல்லேன்னு ஆயிடாதுங்க. தொப்புள்கொடித் துண்டு ஒண்ணைப் பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம். அது பல மாசக் கதையைச் சொல்லும். பதில் வர அடுத்த வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

மிஸ் திரெவீனியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்குக் காலையில உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குழந்தை உங்களோட வர முடியாது. முதல்ல உங்ககிட்ட இல்லேன்னா வேற யாரு மூலமா வந்ததுன்னு எனக்குத் தெரியணும். வீட்டுல போதைப்பொருள் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"வந்துபோறவங்க கிட்ட?"

"இல்ல, மிஸ். எங்க யாருகிட்டயும் அந்தச் சனியன் கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நொடியில் அவள் கண் தானாக ஓமெரோ பக்கம் போனது. "என்னை ஏன்டி பாக்குற?" என்று அவன் திகைத்துப்போனான். அந்த ஒரு பார்வையை வைத்து அவன் பிற்பாடு எத்தனை வருஷம் அவளைச் சீண்டினான் என்பது தனிக்கதை.

சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், குழந்தை எந்த வீட்டுக்குப் போவதென்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். ஓமெரோ நேதோவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனான். நெரெய்தா மகளை மார்போடு அணைத்தபடி அழுதாள். ஆத்திரம்தான் பாதி. தப்பு செய்தபோது தண்டித்தார்கள், சரி என்று வாயைப் பொத்திக்கொண்டாள். செய்யாதபோதும் அதே தண்டனை என்றால் அந்த வாளியை எதற்காகச் சுமந்தாள்?

பெரியம்மா சோலே ஒரு தூக்கு நிறைய மாட்டெலும்பு சூப்போடு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள். ஆஸ்பத்திரி, அரசாங்கம், மெஷின் கண்டுபிடித்தவன் என்று ஒருவரையும் விடாமல் வாழ்த்தினாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்தாள்.

"காலைக் கொடு. அழுறதுக்குக் கால் வேணாம்ல."

பாட்டில் மூடி திறந்தது. முதலில் ஸ்பிரிட் வாடை, ஆஸ்பத்திரியில் அதை யார் கவனிப்பார்கள்? அதற்குள் கற்பூரம். அதற்கும் அடியில், மெல்ல, வெங்காயக் கொட்டகையின் பின்புறம். நெரெய்தா மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பெரியம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைக்குள் பச்சையாகச் சாயம் ஏறியிருந்தது.

"பெரியம்மா, இதுல போடுற இலை என்ன இலை?"

"என்னடி கேள்வி? உனக்குத் தெரியாதா?"

தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் சுருட்டிப் புகைத்தால்தான் அது கஞ்சா. பாட்டிலில் ஊறினால் அது மருந்து. எங்கள் ஊரில் யாரும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்ததில்லை.

"நேத்து எனக்குத் தேய்ச்சுட்டு, அதே கையோட பாப்பாவுக்குத் துணி மாத்தினீங்களா?"

"மாத்தினேன். அந்தப் பிளாஸ்டிக் பை வேற ஒரு பக்கம் பிஞ்சு தொங்குச்சு. ஒராலியா பொண்ணுக்கு ஒழுங்கா ஒட்டத் தெரியல. நான்தான் உள்ள விரலை விட்டு நல்லா அமுக்கி ஒட்டினேன்."

"கை கழுவினீங்களா?"

"எதுக்குக் கழுவணும்?" பெரியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஸ்பிரிட்டுக் கைடி! அதைவிடச் சுத்தம் எது?"

நெரெய்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த கணமே இரண்டும் நின்றன. இந்த மாநிலத்தில் இலையைப் பிடித்தால் ஒரு தண்டனை. ஊறிய திரவத்தைப் பிடித்தால் பாட்டிலையே எடை போடுவார்கள், தண்டனை அதைவிடப் பெரிது. மகளைக் காப்பாற்ற எழுபது வயதுக்காரியைக் காட்டிக்கொடுப்பதா? பாட்டிலைப் பிடுங்கி மூடி, கைப்பைக்குள் திணித்து, மணியை அழுத்தினாள்.

டாக்டரும் மிஸ் திரெவீனியோவும் ஒராலியாவும் வந்தார்கள்.

"பாப்பாவுக்கு மறுபடி டெஸ்ட் எடுங்க," என்றாள் நெரெய்தா. "குளிப்பாட்டிட்டு, உறை போட்ட கையோட, வேற யாரும் தொடாம. அந்தப் பையில வெளியிலேர்ந்து ஏதோ பட்டிருக்கு."

"என்ன பட்டிருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணுன்னா எப்படிங்க? காரணம் இல்லாம நான் முதல் ரிசல்ட்டை ஒதுக்க முடியாது. தொப்புள்கொடி வரட்டும்."

"என்னால சொல்ல முடியாது, டாக்டர். எடுங்கன்னா எடுங்களேன்!"

மிஸ் திரெவீனியோவின் முகம் இன்னும் இறுகியது. "சொல்ல முடியாதுன்னா நீங்க யாரையோ காப்பாத்தறீங்கன்னு அர்த்தம். அப்போ அந்த வீட்டுக்குக் குழந்தையை நான் எப்படி அனுப்புவேன்?"

கைப்பை திறக்கும் சத்தம் கேட்டு நெரெய்தா திரும்பினாள்.

"பெரியம்மா, வேணாம்."

"நீ சும்மா கெட." பெரியம்மா சோலே எழுந்து, சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு ஜெல்லிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தாள். "அவ காப்பாத்தறது என்னைத்தான். இது என் தைலம். இந்தக் கையோட பையை ஒட்டினது நான். பிடிச்சு உள்ள போடுறதுன்னா போடுங்க. ஜெயில்ல பல்லு ஓசியில கட்டுவாங்களாம், எனக்கும் ரொம்ப நாளா ஆசை. ஆனா பிள்ளையைப் பெத்தவகிட்டேருந்து பிரிச்சீங்கன்னா, உங்களை இந்த ஊரு மன்னிக்காது."

மிஸ் திரெவீனியோ பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், மூக்கருகே கொண்டுபோனாள். இஸ்திரி போட்ட அந்த முகம் கசங்கத் தொடங்கியது.

"அவகாடோ கொட்டை போட்டிருக்கீங்களா?"

"பாதிக் கொட்டை," என்றாள் பெரியம்மா. "முழுசாப் போட்டா துணியெல்லாம் கறை."

"எங்கம்மா முழுசாத்தான் போடுவாங்க. எங்க வீட்டுல ஒரு தலையணை உறைகூட வெள்ளை கிடையாது."

"எங்க வீட்டுல ரோஸ்மேரி சேர்ப்பாங்க," என்று கதவோரத்திலிருந்து ஒராலியா சொல்லிவிட்டு, சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் மூன்று பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். "எதைப் பத்திப் பேசறீங்கன்னு யாராவது எனக்குச் சொல்றீங்களா?"

"முட்டிவலியைப் பத்தி, டாக்டர்," என்றாள் மிஸ் திரெவீனியோ. அதற்குமேல் அவளால் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எத்தனை வருஷமா இந்த ஆத்தங்கரையில வீடு வீடாப் போய், போதைப்பொருள் இருக்கான்னு கேட்டிருக்கேன். எல்லாரும் சத்தியம் பண்ணி இல்லேன்னாங்க. என்னைக் கேட்டிருந்தா நானும் இல்லேன்னுதான் சத்தியம் பண்ணியிருப்பேன்!"

பாட்டிலில் இருப்பது கஞ்சா இலை என்று விளங்கியதும் டாக்டர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "வெளியிலேர்ந்து பட்டதுன்னா இந்தச் சின்ன டெஸ்ட்டுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, அது குழம்பிப்போகும். உடம்புக்குள்ள போய் மாறி வந்ததா, வெளியிலேர்ந்து ஒட்டினதான்னு பெரிய லேப் பிரிச்சுச் சொல்லிடும். இப்ப இதைப் புதுசா எடுப்போம்." பிறகு பெரியம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார். "பாட்டி, இந்தப் பாட்டில் இனிமே குழந்தை இருக்குற அறைக்கே வரக் கூடாது. வயித்துப்பிள்ளைக்காரிக்கும் தேய்க்கக் கூடாது. அதுக்கு நல்லதில்ல."

"என் முட்டிக்கு?"

"உங்க முட்டி என் பேஷன்ட் இல்ல."

மிஸ் திரெவீனியோ பாட்டிலை மூடிக் கொடுத்தாள். "நான் இங்க பார்த்தது ஸ்பிரிட்டு. உள்ள வைங்க, அம்மா."

ஒராலியா அம்பாரோவைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். புது உறை மாட்டிக்கொண்டு புதுப் பை ஒட்டினாள். பெரியம்மாவை அறையின் மறுகோடிக்கு அனுப்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மணிக்கு அவசரமே இல்லை. பால் குடித்தாள், கொட்டாவி விட்டாள், சுற்றி நின்றவர்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கினாள். நேதோவும் ஓமெரோவும் வந்து சேர்ந்தார்கள். "எல்லாரும் எதுக்குப் பாப்பாவோட இடுப்பையே பாக்குறீங்க?" என்று நேதோ கேட்டான். பெரியம்மா மூலையிலிருந்து, "குழாயைத் திறந்துவிடுங்கடா, தண்ணிச் சத்தம் கேட்டா வரும்," என்றாள். ஓமெரோ திறந்துவிட்டான். டாக்டரே தன்னையறியாமல், "வாடா கண்ணு, வா," என்று தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பை நிறைந்தது. அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டுப் பக்கத்து அறையில் பிரசவ வலியில் இருந்தவளே என்னவென்று விசாரித்தாளாம்.

பதில் வரும்வரை நெரெய்தா நேதோவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று அவன் சொன்ன பிறகும் விடவில்லை. மிஸ் திரெவீனியோதான் வந்து சொன்னாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல. பாப்பா உங்களோட வரா. தொப்புள்கொடி பதில் வர்ற வரைக்கும் நான் வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போவேன், அது என் வேலை."

"வாங்க," என்றாள் நெரெய்தா. "தினமும் வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க." ஜெயித்தவளின் குரல் அது. மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் ஜெயித்ததை இன்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற குரல். ஓமெரோ கட்டிலில் முகம் புதைத்துக்கொண்டான். தொப்புள்கொடியின் பதிலும் அடுத்த வாரம் வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை. மிஸ் திரெவீனியோ அதைச் சொல்ல வந்தபோது, தன் அம்மாவின் முட்டிக்கு என்ன அளவில் கற்பூரம் போடலாம் என்று பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனதாகவும் ஊரில் பேச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாள் காலை ஒராலியா வந்து, "நல்லா நடக்குறியே கண்ணு. நாற்காலி எல்லாம் கீழ மாட்டிக்கிச்சு, வர நேரமாகும். நடந்து போயிடறியா?" என்று கேட்டாள்.

"நடப்பேன். ஓடச் சொன்னா ஓடவும் ஓடுவேன்," என்றாள் நெரெய்தா. "ஆனா நாற்காலியிலதான் போவேன். சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் உக்காந்திருப்பேன்."

ஒராலியா அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபேச்சு பேசாமல் கீழே போய், எங்கிருந்தோ ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.

நெரெய்தா உட்கார்ந்தாள். அம்பாரோவை மடியில் வைத்தார்கள். அதே நடைவழி, அதே தானியங்கிக் கதவு. நேதோ தங்கையின் பலூனைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். பெரியம்மா கைப்பையோடு பின்னால் வந்தாள். வாசலில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, குனிந்து, "எவ்வளவு அழகு!" என்றார். நெரெய்தா அவரை வாழ்நாள் முழுக்கத் தெரிந்தவரைப் போலப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது சாலையில் ஹாரன் கேட்டது. அவளுடைய மஞ்சள் பேருந்து. அவளுக்குப் பதிலாக ஓட்ட வந்திருந்த சூய், வழக்கமான வழியை விட்டு ஆஸ்பத்திரி வழியாக வந்திருந்தான். ஜன்னலெல்லாம் தலை. பின்சீட்டுப் பயல்கள் தலைமையாசிரியரை வெளியே நீட்டி, சிவப்பு வாளியைக் கொடி போல ஆட்டினார்கள். "மிஸ்! மிஸ்!" என்று வண்டியே கத்தியது. உக்காருங்கடா என்று அதட்ட அவளுக்கு வாய் வரை வந்தது, அழுகைதான் முந்திக்கொண்டது.

"கையசைடி, பிள்ளைங்க பாக்குதுங்கல்ல," என்றாள் பெரியம்மா.

நெரெய்தா கையசைக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மகளைப் பிடித்திருந்தன.